பிளாஸ்மா கட்டர் வாங்குமுன்: கரண்ட், காற்று, அப்புறம்தான் மெஷின்

பிளாஸ்மா கட்டர் என்று பேச்சை எடுத்தாலே எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை ஆம்ப்ஸ்?" என்பதுதான். கடைக்காரரும் அதைத்தான் கேட்கிறார், யூடியூபில் பேசுகிறவரும் அதைத்தான் சொல்கிறார். சில மாதமாகப் படித்தும், பட்டறைகளில் நின்று பார்த்தும், கணக்குப் போட்டும் நான் வந்து சேர்ந்த இடம் வேறு. நம்ம தென்காசி, குற்றாலம் பக்கம் ஆம்ப்ஸ் என்பது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, வீட்டுக்கு வருகிற கரண்ட் தாங்குமா? இரண்டாவது, சாரல் மாதங்களில் காற்றைக் காய வைக்க என்ன வழி?

இதில் இறங்கியதற்குக் காரணம் என் மச்சினன். மேலகரத்தில் கிரில் பட்டறை போடுகிறான். கடனுக்காக வாங்கிய கொட்டேஷனைக் காட்டி, "அத்தான், நாப்பது போதுமா, இல்ல அறுபதா வாங்கிரட்டுமா?" என்றான். அந்தக் காகிதத்தில் மெஷின் விலை இருந்தது, டார்ச் இருந்தது, ஜி.எஸ்.டி.யும் இருந்தது. வயரிங் இல்லை, கம்ப்ரசர் இல்லை, காற்றைக் காய வைக்கிற எதுவும் இல்லை. கொட்டேஷனில் இல்லாத இந்த மூன்றும் சேர்ந்தால் சின்ன மெஷினின் விலையைத் தாண்டிவிடும். கடன் ஒரு தொகைக்கு, செலவு இன்னொரு தொகைக்கு என்று ஆனால் முதல் மாதமே தவணை இடிக்கும். அதனால்தான் இந்த வரிசையில் யோசிக்கச் சொல்கிறேன்.

இது எப்படி வெட்டுகிறது

ஒரு வாயுவுக்குள் போதுமான சக்தியைச் செலுத்தினால் அதன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்துவிடும். அப்போது அந்த வாயு மின்சாரத்தைக் கடத்தும். இந்த நிலைக்கு 1928-ல் 'பிளாஸ்மா' என்று பெயர் வைத்தவர் இர்விங் லாங்மூர். வெல்டிங் பட்டறையில் நாம் பார்க்கிற ஆர்க் கூட பிளாஸ்மாதான். ஆனால் அது விரிந்து பரவுகிற பிளாஸ்மா.

1950களின் நடுவில் அமெரிக்காவில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் லிண்டே பிரிவில் இருந்த ராபர்ட் கேஜ், டிக் வெல்டிங் ஆர்க்கை ஒரு சின்னத் துளை வழியாக நெருக்கிப் பார்த்தார். ஆர்க் நீளமாகவும் வேகமாகவும் சூடாகவும் ஆனது. உலோகத்தை உருக்கியதோடு, உருகியதை ஊதியும் தள்ளியது. 1957-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றைக்குக் கையில் பிடிக்கிற டார்ச்சிலும் விஷயம் இதுதான்: சுமார் ஒரு மி.மீ. துளை உள்ள செம்பு நாசில், அதற்குள் எலெக்ட்ரோடு, சுற்றிச் சுழன்று வருகிற அழுத்தக் காற்று. நடுவில் வெப்பநிலை 20,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும்.

முதலில் டங்ஸ்டன் எலெக்ட்ரோடும், ஆர்கான் போன்ற விலை கூடிய வாயுக்களும் தேவைப்பட்டன. சாதாரணக் காற்றில் இருக்கிற ஆக்சிஜன் டங்ஸ்டனை உடனே தின்றுவிடும். செம்பு எலெக்ட்ரோடின் நுனியில் ஹாஃப்னியம் என்னும் உலோகத்தைப் பொட்டு மாதிரி பதித்த பிறகுதான் வெறும் காற்றை வைத்தே வெட்ட முடிந்தது. சின்னப் பட்டறைக்குள் பிளாஸ்மா வந்ததே அந்தப் பொட்டால்தான். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சாரலைப் பற்றிப் பேசும்போது அது திரும்ப வரும்.

நிஜமாகவே வேண்டுமா?

கேட்டும் ஜன்னல் கிரில்லும் மட்டும் செய்கிறவருக்கு வேலையில் பெரும்பகுதி ஸ்கொயர் பைப், ஃப்ளாட், ஆங்கிள் ஆகியவற்றை நேராக அறுப்பதுதான். அதற்கு 14 இஞ்ச் கட்டிங் மெஷினும், ஏஜி ஃபோர் என்று நாம் சொல்கிற கை கிரைண்டரும் போதும். பிளாஸ்மா அதைவிட நேராக வெட்டாது.

25 மி.மீ.க்கு மேல் கனமான எம்.எஸ். தகடு வெட்டுகிறவருக்கு கேஸ் கட்டிங்தான் மலிவு. கேஸ் கட்டிங்கில் இரும்பு உருகிப் பிரிவதைவிட எரிந்து பிரிகிறது என்பதே சரி. தீயில் செக்கச் சிவக்கச் சூடேறிய இரும்பின்மேல் சுத்த ஆக்சிஜன் பட்டதும் அது தானே எரிந்து வழி விடும். அதே காரணத்தால் எஸ்.எஸ்., அலுமினியம் இரண்டையும் அதில் வெட்ட முடியாது. அவற்றின் மேல் உருவாகிற ஆக்சைடு, உலோகத்தைவிடக் கூடுதல் சூட்டில் உருகும். அதனால் எரிதல் தொடராது.

பிளாஸ்மா ஜெயிக்கிற இடம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 2 முதல் 12 மி.மீ. வரை தகடு; வளைவான வெட்டு; பேஸ் பிளேட்டில் ஓட்டை; எஸ்.எஸ்., அலுமினியம், செம்பு என மின்சாரம் கடத்துகிற எதுவும். டிராக்டர் டிரெய்லர் அடித்தகடு மாற்றுகிற வேலை, கதிரடிக்கும் மெஷின் ரிப்பேர், ஷெட்டுக்கு கசெட் பிளேட் போன்ற வேலைகள் வாரத்தில் சில நாளாவது வருகிறவருக்கு இது பயன்படும். வெட்டின பக்கத்தில் சூடு அதிகம் பரவாது என்பதால் மெல்லிய தகடு கோணாது.

வருடத்தில் நாலைந்து தடவை அலங்கார டிசைன் வெட்டத்தான் ஆசை என்றால் இன்னொரு வழி உண்டு. மதுரை, கோவை மாதிரி ஊர்களில் லேசர் கட்டிங் ஜாப் ஒர்க் செய்கிறார்கள். கம்ப்யூட்டரில் வரைந்த ஃபைலை அனுப்பினால் வெட்டித் தருவார்கள். விளிம்பும் பிளாஸ்மாவைவிடச் சுத்தமாக இருக்கும். என்னை மாதிரி லேப்டாப் வைத்துக்கொண்டு பொழுதுபோக்குக்குச் செய்கிறவர்கள் பலருக்கு இதுவே போதும்.

கரண்ட் கணக்கு

வெல்டிங் மெஷினைவிட பிளாஸ்மா அதிகம் இழுக்கும். ஆம்ப்ஸ் ஒன்றாக இருந்தாலும் வோல்ட் அதிகம் என்பதுதான் காரணம். வெல்டிங் ஆர்க் இருபதுகளில் ஓடும். பிளாஸ்மாவுக்குச் சர்வதேசத் தரநிலை வைத்திருக்கிற சூத்திரம்: 80-உடன் ஆம்பியரின் 0.4 மடங்கைக் கூட்ட வேண்டும். 40 ஆம்ப்ஸுக்கு 96 வோல்ட். ஆக டார்ச் முனையில் மட்டும் 3.8 கிலோவாட்.

மெஷினுக்குள் ஆகும் இழப்பையும் (திறன் 85 சதவீதம் என்று வைப்போம்), சாதாரண இன்வெர்ட்டர்களில் பவர் ஃபேக்டர் 0.7 பக்கம் இருப்பதையும் சேர்த்தால், ப்ளக்கிலிருந்து 6.4 கே.வி.ஏ. போகும். 230 வோல்டில் அது 28 ஆம்ப்ஸ். நம் வீட்டு ஏ.சி., கீசர் ப்ளக் 16 ஆம்ப்ஸ்தான். அதில் 40 ஆம்ப்ஸ் கட்டரை முழு வேகத்தில் ஓட்டினால் எம்.சி.பி. விழும். விழாமல் இருந்தால் அதைவிட ஆபத்து: ப்ளக் உருகும்.

அதே மெஷினில் பவர் ஃபேக்டரைச் சரிசெய்கிற சர்க்யூட் இருந்தால் 28 என்பது 20 ஆம்ப்ஸாக இறங்கிவிடும். அதற்குக் கூடுதல் விலை கேட்பார்கள். வயரையும் எம்.சி.பி.யையும் பெரிதாக்க முடியாத இடத்தில் அந்த விலை நியாயம்தான்.

20 ஆம்ப்ஸில் ஓட்டினால்? கணக்கு 13 ஆம்ப்ஸ் என்று வருகிறது. 16 ஆம்ப்ஸ் ப்ளக் தாங்கும். 3 மி.மீ. எம்.எஸ். தகட்டை அது சுத்தமாக வெட்டும். வீட்டுப் பின்கட்டில் பைப், தகடு, பழைய பீரோக் கதவு என்று வேலை செய்கிறவருக்கு இதற்கு மேல் தேவையே வராது.

இதெல்லாம் வோல்டேஜ் 230 இருக்கும்போது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி, லைனின் கடைசியில் இருக்கிற இடத்தில் சாயங்காலம் 180-க்கு இறங்கினால் என்ன ஆகும்? இன்வெர்ட்டர் அதே வேலையைச் செய்யக் கூடுதல் கரண்டை இழுக்கும். 28 ஆம்ப்ஸ் 35-ஐத் தாண்டும், இல்லையென்றால் மெஷின் தானே அணைந்துகொள்ளும்.

வயரிலும் இழப்பு உண்டு. போர்டிலிருந்து பட்டறைக்கு 30 மீட்டர் என்று வைப்போம். போக வர 60 மீட்டர். 28 ஆம்ப்ஸ் ஓடும்போது 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில் 11 முதல் 12 வோல்ட் போய்விடும். 4-ல் 7 வோல்ட், 6-ல் 5 வோல்ட். வோல்டேஜ் ஏற்கெனவே குறைகிற ஊரில் அந்த 7 வோல்ட் வித்தியாசம் வெட்டிலேயே தெரியும். 6 சதுர மி.மீ. வயர், 32 ஆம்ப்ஸ் எம்.சி.பி., நல்ல எர்த் ஆகிய மூன்றையும் கொட்டேஷனில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டு மின் இணைப்பில் காசுக்கு வேலை செய்யக் கூடாது. பட்டறைக்கு மின்வாரியத்தில் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. ஆரம்பத்திலேயே அதற்கு விண்ணப்பித்து, லோடையும் சரியாகக் காட்டிவிட்டால் பின்னால் அபராதம் வராது. த்ரீ ஃபேஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. காரணம், அடுத்து வருகிற கம்ப்ரசர்.

காற்று எவ்வளவு வேண்டும்

40 ஆம்ப்ஸ் டார்ச்சுக்கு மெஷினைப் பொறுத்து நிமிடத்துக்கு 120 முதல் 190 லிட்டர் வரை, 5 முதல் 6 பார் அழுத்தத்தில் காற்று வேண்டும். நடுவில் 150 லிட்டர் என்று எடுத்துக்கொள்வோம்.

2 எச்.பி. கம்ப்ரசரில் 'நிமிடத்துக்கு 8 கன அடி' என்று எழுதியிருந்தால், அது பெரும்பாலும் பிஸ்டன் நகர்த்துகிற கொள்ளளவு. 226 லிட்டர். உண்மையில் வெளியே வருவது அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான், அதாவது 150 லிட்டர். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் வெட்டுகிற நேரம் முழுக்க கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். ஒற்றை ஸ்டேஜ் பிஸ்டன் கம்ப்ரசர் அதற்காகச் செய்யப்பட்டது இல்லை. ஹெட் சூடாகும், காற்றும் சூடாகும். வியாபாரப் பட்டறைக்கு 3 எச்.பி. என்பதே என் கணக்கு.

வீட்டு வேலைக்கு 2 எச்.பி. போதும். 100 லிட்டர் டேங்க் 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்குவதற்குள் 200 லிட்டர் காற்று தரும். கம்ப்ரசர் அணைந்திருந்தாலே 80 விநாடி வெட்டலாம். வீட்டில் ஒரு வெட்டு அதற்கு மேல் நீள்வது அபூர்வம்.

2 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போது 10 ஆம்ப்ஸ் பக்கம் இழுக்கும், கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு. கட்டரின் 28-உடன் இதைக் கூட்டினால் 38. கம்ப்ரசரை த்ரீ ஃபேஸுக்கு மாற்றினால் இந்தச் சண்டை தீரும்.

சாரல் என்ன செய்கிறது

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை மற்ற இடங்களில் சுவர் மாதிரி நின்று தமிழ்நாட்டை மழை மறைவில் வைத்தாலும், ஆரியங்காவு, செங்கோட்டை பக்கம் இருக்கிற கணவாய் வழியாக மேகமும் ஈரக் காற்றும் நம் பக்கம் நுழைந்துவிடுகின்றன. ஐந்தருவியில் குளிக்கக் கூட்டம் வருவது இதனால்தான். கம்ப்ரசர் டேங்கில் தண்ணீர் சேர்வதும் இதனால்தான்.

எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்போம். 28 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 27 கிராம் நீராவியை வைத்துக்கொள்ளும். ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் 23 கிராம். நிமிடத்துக்கு 150 லிட்டர் என்றால் மணிக்கு 9 கன மீட்டர். அதாவது கம்ப்ரசர் ஒரு மணி நேரத்தில் 207 கிராம் தண்ணீரை உறிஞ்சுகிறது.

அந்தக் காற்றை 7 பாருக்கு அழுத்தினால் கொள்ளளவு எட்டில் ஒன்றாகிவிடும். சுருங்கிய காற்று 30 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதில் 34 கிராம் நீராவிதான் தங்க முடியும். மீதி சுமார் 170 கிராம், ஒரு டம்ளர் தண்ணீர், சொட்டாக மாறும். ஒவ்வொரு மணி நேரமும்.

இதில்தான் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. கம்ப்ரசரிலிருந்து வருகிற காற்று சூடாக இருக்கும். டேங்கிலிருந்து 50 டிகிரியில் வெளியே வந்தால், அதே காற்று சுமார் 93 கிராம் தண்ணீரை ஆவியாகவே சுமந்துகொண்டு போகும். டேங்கை ஒட்டி மாட்டுகிற வாட்டர் செபரேட்டர் சொட்டை மட்டும்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. ஆவி அதைத் தாண்டி, ஹோஸில் போகப் போகக் குளிர்ந்து, சுமார் 60 கிராம் தண்ணீராகி டார்ச்சுக்குள் போய்ச் சேரும். ஃபில்டர் போட்டும் தண்ணீர் வருகிறது என்கிற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

டார்ச்சுக்குள் போன தண்ணீர் அந்தச் சூட்டில் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் உடையும். ஆர்க் தடுமாறும். ஹாஃப்னியம் பொட்டு வேகமாகக் கரையும். பொட்டின் நடுவில் குழி ஒன்றரை மி.மீ. ஆழமானால் எலெக்ட்ரோடின் ஆயுள் முடிந்தது. ஆர்க் நேராகப் போகாமல் நாசிலின் சுவரைத் தொட்டால் அதன் வட்டத் துளை நீள்வட்டமாகிவிடும். அதற்குப் பிறகு வெட்டு ஒரு பக்கம் சாய்ந்தே வரும். மெஷின் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போடுவோம். உண்மையில் சரியில்லாதது காற்று.

தீர்வு எளிது: முதலில் குளிர வை, பிறகு பிரி, கடைசியில் காய வை.

குளிர வைக்க, கம்ப்ரசருக்கும் ஃபில்டருக்கும் நடுவில் பத்துப் பதினைந்து மீட்டர் ஜி.ஐ. பைப்பைச் சுவரில் லேசான சரிவோடு ஓட்டலாம். தாழ்ந்த இடத்தில் ஒரு வால்வு வைத்துத் தண்ணீரைத் திறந்து விடணும். காற்றை எடுக்கிற கிளை பைப்பின் மேல் பக்கத்திலிருந்து கிளம்பணும், கீழ்ப் பக்கத்திலிருந்து எடுத்தால் தண்ணீரும் கூடவே வரும். பி.வி.சி. பைப் மட்டும் வேண்டாம். அழுத்தக் காற்றில் அது வெடித்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும்.

பிரிக்க, அந்தப் பைப்பின் கடைசியில், மெஷினுக்குப் பக்கத்தில், வாட்டர் செபரேட்டரும் எண்ணெயைப் பிடிக்கிற நுண் ஃபில்டரும். காய வைக்க, சிலிகா ஜெல் நிரப்பிய குப்பி. நிறம் மாறியதும் எடுத்துச் சூடாக்கினால் திரும்பப் பயன்படும். நாள் முழுக்க வெட்டுகிற பட்டறைக்குச் சிலிகா ஜெல் கட்டுப்படியாகாது, காற்றைக் குளிர வைத்துக் காய வைக்கிற டிரையர் வாங்குவதே சரி. டேங்க் அடியில் இருக்கிற வால்வைச் சீசனில் தினமும் திறந்து விடணும்.

கிழக்கே பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று போகப் போகச் சாரல் குறையும், கணக்கும் கொஞ்சம் இளகும். அங்கேயும் தண்ணீர் வராமல் இருக்காது. 32 டிகிரி, 45 சதவீத ஈரப்பதம் என்று வைத்துப் பார்த்தாலும் மணிக்கு நூறு கிராம் தாண்டி உள்ளே போகிறது.

இப்போது மெஷின்

கரண்டும் காற்றும் முடிவானபின் ஆம்ப்ஸ் தானே முடிவாகிவிடும். மிச்சம் பார்க்க வேண்டியவை நான்கு.

முதலாவது, கனம். பெட்டியில் '20 மி.மீ. வெட்டும்' என்று போட்டிருந்தால், எந்த வேகத்தில் என்று கேளுங்கள். நல்ல கம்பெனிகள் இரண்டு எண் தருவார்கள். நிமிடத்துக்கு 500 மி.மீ. வேகத்தில் வெட்டுகிற கனம் ஒன்று, 125 மி.மீ. வேகத்தில் எப்படியோ துண்டாக்குகிற கனம் இன்னொன்று. தினசரி வேலைக்கு முதல் எண்ணை மட்டும் நம்பணும். பெட்டியில் ஒரே ஒரு எண் இருந்தால் அது பெரும்பாலும் இரண்டாவது எண். 40 ஆம்ப்ஸ் மெஷினுக்கு 10 மி.மீ. என்பதை வசதியான எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, டியூட்டி சைக்கிள். 60 சதவீதம் என்றால் 10 நிமிடத்தில் 6 நிமிடம் வெட்டி 4 நிமிடம் ஆற விடணும். தரநிலைப்படி இதை 40 டிகிரி சூழலில் அளக்க வேண்டும். 20, 25 டிகிரியில் அளந்து பெரிதாகக் காட்டுகிறவர்களும் உண்டு. ஏப்ரல், மே மாதத்தில் தகரக் கொட்டகைக்குள் நிற்கிறவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

மூன்றாவது, ஆர்க் எப்படிப் பிறக்கிறது. சில மெஷின்களில் நாசில் தகட்டைத் தொட்டால்தான் ஆர்க் வரும். பெயின்ட், துரு இருக்கிற இடத்தில் திணறும். பைலட் ஆர்க் உள்ளதில் தகட்டைத் தொடாமலே டார்ச்சுக்குள் சின்ன ஆர்க் பிறந்துவிடும். துருப்பிடித்த கேட், வலை, செக்கர்டு பிளேட் எல்லாம் தயங்காமல் வெட்டலாம். ஈரத்தில் எல்லாமே துருப்பிடிக்கிற நம்ம ஊருக்குப் பைலட் ஆர்க் அவசியம் என்றே சொல்வேன்.

பைலட் ஆர்க்கை உண்டாக்குவதிலும் இரண்டு வகை. ஹை ஃப்ரீக்வென்சி தீப்பொறி ஒன்று. எலெக்ட்ரோடும் நாசிலும் தொட்டுக்கொண்டிருந்து, காற்றழுத்தம் அவற்றைப் பிரிக்கும்போது ஆர்க் பிறப்பது இன்னொன்று, இதை ப்ளோபேக் என்கிறார்கள். பின்னால் சி.என்.சி. டேபிள் கட்டலாம் என்று ஆசைப்படுகிற என் மாதிரி ஆட்கள் ப்ளோபேக்தான் வாங்கணும். ஹை ஃப்ரீக்வென்சியின் இரைச்சல் கன்ட்ரோல் போர்டையும் கம்ப்யூட்டரையும் குழப்பிவிடும். மோட்டார் நடுவழியில் நின்றால் புரோகிராமில் எத்தனை தடவை தேடினாலும் பிழை கிடைக்காது.

நான்காவது, உதிரி. நாசிலும் எலெக்ட்ரோடும் தேயத்தான் செய்யும். வெட்டிய நீளத்தைவிட எத்தனை தடவை ஆர்க்கைத் தொடங்கினோம் என்பதே எலெக்ட்ரோடின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. மலிவு மெஷின்களில் பி.டி.-31, ஏ.ஜி.-60, பி-80 என்று சில டார்ச் வகைகள் திரும்பத் திரும்ப வரும். அவற்றுக்கு உதிரி பல இடத்தில் கிடைக்கும். பெரிய கம்பெனி டார்ச்சுக்கு உதிரி விலை அதிகம், ஆனால் நீண்ட நாள் உழைக்கும். எதுவானாலும் திருநெல்வேலியிலோ மதுரையிலோ ஒரு கடையில் உதிரி கையிருப்பு இருக்கிறதா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

கடையில் சோதிக்க

ஒரு பழைய ஜன்னல் கிரில் துண்டு, பெயின்ட் அடித்தது. ஒரு 6 மி.மீ. தகட்டுத் துண்டு. இரண்டையும் கையோடு கொண்டு போங்கள். கிரில்லில் ஆர்க் உடனே பிடிக்கிறதா, கம்பிக்குக் கம்பி தாவும்போது அணைகிறதா என்று பாருங்கள். 6 மி.மீ. தகட்டை 40 ஆம்ப்ஸில் நிமிடத்துக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வெட்டச் சொல்லுங்கள். 30 செ.மீ. கோடு போட்டுக் கொடுத்தால் 18 விநாடியில் முடியணும்.

பிறகு அடிப்பக்கத்தைப் பாருங்கள். தட்டினால் உதிர்கிற கசடு பரவாயில்லை, அது மெதுவாக வெட்டியதால் வருவது. மெல்லிய கோடாக ஒட்டிக்கொண்டு கிரைண்டர் கேட்கிற கசடு, வேகம் கூடியதற்கு அடையாளம். காற்று டார்ச்சுக்குள் வலஞ்சுழியாகச் சுழல்வதால், வெட்டிப் போகிற திசையில் வலது பக்க விளிம்பு நேராகவும் இடது பக்கம் சாய்வாகவும் இருக்கும். அது மெஷினின் குறையில்லை. வேண்டிய துண்டு எப்போதும் வலது பக்கம் வருகிற மாதிரி வெட்டிப் பழகணும்.

உயிர் சம்பந்தப்பட்டது

வெல்டிங் செய்து பழகினவர்களுக்கு ஒரு அலட்சியம் வரும். "இதுவும் வெல்டிங் மாதிரிதானே" என்பார்கள். இல்லை. வெல்டிங் மெஷினில் சும்மா இருக்கும்போது 60, 80 வோல்ட்தான். பிளாஸ்மாவில் 250, 300 வோல்ட் டி.சி. வரை இருக்கும். சாரலில் நனைந்த தரை, ஈரக் கையுறை, ஹவாய் செருப்பு மூன்றும் சேர்ந்தால் அது கொல்லப் போதுமானது. நாசில் மூடியைக் கழற்றினால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கிற பாதுகாப்பு டார்ச்சில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இருந்தாலும், நாசில் மாற்றும்போது மெஷினை அணைத்துவிட்டே மாற்றுங்கள். மரப்பலகையோ ரப்பர் விரிப்போ போட்டு, ஷூ போட்டு நில்லுங்கள்.

கண்ணுக்கு 40 ஆம்ப்ஸ் வரை 5-ம் எண் கண்ணாடி, 60 வரை 6-ம் எண். ஜி.ஐ. தகடு வெட்டினால் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். எஸ்.எஸ். வெட்டும்போது வருகிற புகையில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோயை உண்டாக்குவது என்று உறுதிப்பட்ட பொருள். மழைக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டிக்கொண்டு உள்ளே வெட்டாதீர்கள். புகை வெளியேற ஒரு ஃபேன், முகத்துக்கு உலோகப் புகைக்கான மாஸ்க். மூடிய டிரம்மை, அதில் முன்பு என்ன இருந்தது என்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், வெட்டவே கூடாது. அடியில் மிச்சமிருக்கிற ஆவி போதும், வெடிக்க.

யாருக்கு எது

வீட்டுப் பின்கட்டு, 3 மி.மீ. வரை: 20 முதல் 30 ஆம்ப்ஸ், பைலட் ஆர்க், 2 எச்.பி. கம்ப்ரசர் வேறு ப்ளக்கில், சின்னச் சிலிகா ஜெல் குப்பி. 16 ஆம்ப்ஸ் ப்ளக்கில் ஓட்டும்போது 20-ஐத் தாண்ட வேண்டாம்.

கிரில், ரிப்பேர் பட்டறை, 10 மி.மீ. வரை: 40 முதல் 45 ஆம்ப்ஸ், பவர் ஃபேக்டர் சரிசெய்தது கிடைத்தால் அதுவே. 32 ஆம்ப்ஸ் எம்.சி.பி., 6 சதுர மி.மீ. வயர், த்ரீ ஃபேஸில் 3 எச்.பி. கம்ப்ரசர், சுவரில் ஜி.ஐ. பைப், ஃபில்டர்.

12 மி.மீ.க்கு மேல் தினமும், நாள் முழுக்க: 60 ஆம்ப்ஸுக்கு மேல், த்ரீ ஃபேஸ் மெஷின், டிரையர். இந்த அளவு வேலைக்கு கேஸ் கட்டிங்கையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

பணம் பத்தவில்லை என்றால் ஒரு படி சின்ன மெஷினாக வாங்கி, மிச்சத்தை வயருக்கும் காற்றுக்கும் போடுங்கள். காய்ந்த காற்றும் நிலையான கரண்டும் கிடைக்கிற 40 ஆம்ப்ஸ் மெஷின், இரண்டும் கிடைக்காத 60-ஐவிட அதிக வேலை செய்யும். மச்சினனுக்கும் இதைத்தான் சொன்னேன். கொட்டேஷனைத் திருப்பிக் கொடுத்து, கம்ப்ரசர், பைப், வயரிங் எல்லாம் சேர்த்துப் புதிதாக வாங்கி வந்திருக்கிறான். மொத்தத் தொகை பழையதைவிடக் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது, ஏனென்றால் மெஷின் அறுபதிலிருந்து நாற்பதுக்கு இறங்கிவிட்டது.